பாசிப்பயற்றின் மரபு வேறுபாட்டை ஆராய்வது எப்படி: விதைப் பை முதல் ஜீனோம் வரை

பயறு வகைப் பயிர்களில் ஜீனோம் (ஓர் உயிரின் முழு டிஎன்ஏ தொகுதி) ஆய்வுக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் கேட்பது, "எந்த மென்பொருள் கற்றுக்கொள்ள வேண்டும்?" என்பதைத்தான். மென்பொருளை இரண்டு வாரத்தில் பழகிவிடலாம். வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் அதற்கு முன்னால்: விதைப் பையில், வயலில், குழாயில் எழுதிய எண்ணில். 41ஆம் எண் செடியின் இலை 42ஆம் குழாய்க்குள் போய்விட்டால், டிஎன்ஏ எழுத்துகளை வரிசைப்படுத்தும் இயந்திரம் எவ்வளவு விலையுயர்ந்ததானாலும் அதைத் திருத்தித் தராது. அதனால் இந்த வழிகாட்டியில் கணினியைவிட விதைக்கும் இலைக்கும் அதிக இடம்.

எடுத்துக்காட்டுக்குப் பாசிப்பயறு. ஊர் வழக்கில் பச்சைப்பயறு. இதைத் தேர்ந்ததற்குக் காரணம், புதியவர் கைக்கு இது அடங்கும். 60 முதல் 70 நாளில் அறுவடைக்கு வந்துவிடும், தன் மகரந்தச் சேர்க்கைப் பயிர், 11 இணைக் குரோமோசோம், ஜீனோமின் அளவு சுமார் 579 மெகாபேஸ் (ஒரு மெகாபேஸ் என்பது பத்து லட்சம் டிஎன்ஏ எழுத்து). கொரியாவில் பயிராகும் விசி1973ஏ என்ற வழியின் ஜீனோம் 2014இல் வெளியானது. (ஒரே மரபமைப்போடு தனியாகப் பேணிய விதையைத்தான் வழி என்கிறோம்.) உளுந்துக்கும் கீழே வரும் முறைகள் ஏறக்குறைய அப்படியே பொருந்தும். துவரை, நிலக்கடலை என்றால் சில இடங்களில் மாற்ற வேண்டும், அவற்றை அங்கங்கே சொல்கிறோம்.

கேள்வியை முதலில் எழுதுங்கள்

"மரபு வேறுபாடு பார்க்கப் போகிறேன்" என்பது கேள்வி ஆகாது. நோய் எதிர்ப்புள்ள பெற்றோரைத் தேடுகிறீர்களா, வெளியிட்ட ரகங்களின் அடித்தளம் எவ்வளவு குறுகிவிட்டது என்று பார்க்கிறீர்களா, பெரிய சேகரிப்பிலிருந்து சிறு தொகுப்பைப் பிரிக்கிறீர்களா என்பதைப் பொறுத்துத்தான் எத்தனை மாதிரி, எந்த மார்க்கர் (வழிகளை வேறுபடுத்திக் காட்டும் டிஎன்ஏ அடையாளம்) என்பது முடிவாகும். வெளியிட்ட ரகங்களை மட்டும் எடுத்து ஆராய்ந்துவிட்டு "வேறுபாடு குறைவு" என்று எழுதுவதில் புதுமை இல்லை. உளுந்தில் டி9 என்ற ஒரே பழைய தேர்வு எத்தனையோ ரகங்களின் வம்சாவளியில் திரும்பத் திரும்ப வருகிறது. அந்தத் தொகுப்பில் குறுகிய அடித்தளம் தெரியாவிட்டால்தான் வியப்பு.

முதல் முயற்சிக்கு 90 வழிகள் போதும். பிசிஆர் (டிஎன்ஏ துண்டைப் பல மடங்கு பெருக்கும் முறை) தட்டில் 96 குழி. 90 வழிகள், அவற்றில் மூன்றின் அதே டிஎன்ஏ மறுபடியும் மூன்று குழியில், இரண்டு வழிகளிலிருந்து வேறொரு செடியின் டிஎன்ஏ இரண்டு குழியில், மீதி ஒன்று வெறும் தண்ணீர். கூட்டினால் 96. "ஆறு குழி வீணாகிறதே" என்று அவற்றிலும் வழிகளை நிரப்பிவிடாதீர்கள். உங்கள் பிழை விகிதம் எவ்வளவு என்று பின்னால் ஒருவர் கேட்கும்போது, பதில் அந்த ஆறு குழியில்தான் இருக்கும்.

விதை வாங்குவது

இந்தியாவில் முதல் வாசல் புதுதில்லியில் உள்ள தேசிய தாவர மரபு வள அமைப்பு. அங்கிருந்து வரும் பையில் ஐசி என்று தொடங்கும் எண் இருந்தால் உள்நாட்டுச் சேகரிப்பு, இசி என்றால் வெளிநாட்டிலிருந்து வந்தது. பாசிப்பயற்றுக்கு உலக அளவில் பெரிய சேகரிப்பு தைவானில் உள்ள உலகக் காய்கறி மையத்தில் இருக்கிறது. அவர்கள் 1,481 அக்செஷன் (தனி எண்ணோடு பதிவான விதை மாதிரி) கொண்ட மையத் தொகுப்பிலிருந்து 20 மார்க்கர்களின் உதவியால் 296 கொண்ட குறுந்தொகுப்பைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பல ஆயிரம் பைகளில் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பதைவிட அதிலிருந்து தொடங்குவது நல்லது. கொண்டைக்கடலை, துவரை, நிலக்கடலை என்றால் ஐதராபாத் அருகே பட்டன்செருவில் இருக்கும் இக்ரிசாட்.

எங்கிருந்து வாங்கினாலும் பொருள் பரிமாற்ற ஒப்பந்தத்தில் கையெழுத்து வேண்டும். வெளிநாட்டு விதை இறக்குமதி அனுமதியோடும் தாவரத் தனிமைப்படுத்தல் சோதனையோடும்தான் வரும், மாதக் கணக்கில் ஆகும். விதைப்புப் பருவத்துக்கு இரண்டு மாதம் முன்னால் விண்ணப்பித்து ஒரு பருவத்தைக் கோட்டைவிடுபவர்கள் நிறையப் பேர். இன்னொன்று: இங்கே சேகரித்த விதையையோ அதன் மரபுப் பொருளையோ வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப நினைத்தால், 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம் குறுக்கே வரும். அனுமதி தரும் தேசிய ஆணையம் சென்னையில்தான் இருக்கிறது. "டிஎன்ஏ தானே, விதை இல்லையே" என்று கூரியரில் போட்டுவிடாதீர்கள்.

விதையோடு வரும் பிறப்புத் தகவலையும் கேட்டு வாங்குங்கள்: சேகரித்த ஊர், ஆண்டு, நாட்டு ரகமா, தேர்வா, காட்டினமா. கடைசியில் வரைபடத்தில் புள்ளிகளுக்கு நிறம் பூசப்போவது இந்தத் தகவலை வைத்துத்தான்.

பையில் இருப்பது ஒரே வழி அல்ல

விதை வங்கியிலிருந்து வந்த நாட்டு ரகப் பையை வெள்ளைத் தாளில் கொட்டிப் பாருங்கள். பளபளப்பான பச்சை, மங்கல் பச்சை, நடுவே இரண்டு மஞ்சள், ஓரிரு கறுப்பு. அது கலப்படம் அல்ல. விவசாயி வைத்திருந்த ரகமே பல வழிகளின் கலவை. ஆனால் டிஎன்ஏ எடுப்பது ஒரு செடியிலிருந்து, மகசூல் அளப்பது முப்பது செடியிலிருந்து என்றால் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டாது.

செய்ய வேண்டியது இதுதான். பைக்கு 10 விதை ஊன்றுங்கள். முளைத்த ஐந்தாம் நாள் வித்திலைக்குக் கீழுள்ள தண்டைப் பாருங்கள். சிலவற்றில் ஊதா, சிலவற்றில் சுத்தமான பச்சை. ஒரே பையில் இரண்டு நிறமும் வந்தால் அங்கேயே கலவை தெரிந்துவிடும். பெரும்பான்மையாக உள்ள வகையில் ஒரு செடியை மட்டும் தேர்ந்து அதன் விதையைத் தனியாக அறுவடை செய்து, அடுத்த பருவம் அந்த விதையிலிருந்து வேலையைத் தொடங்குங்கள். ஒரு பருவம் தள்ளிப்போகும். தள்ளிப்போகட்டும்.

பாசிப்பயற்றில் பூ விரியுமுன்பே மகரந்தச் சேர்க்கை முடிந்துவிடுவதால் பை கட்டும் வேலை இல்லை. துவரையில் அப்படி விட்டால் தேனீ கெடுத்துவிடும். பூங்கொத்து மலருமுன்பே துணிப்பை கட்டிச் சுயச்சேர்க்கை விதை எடுக்க வேண்டும்.

காட்டினமும் தொகுப்பில் இருக்கிறதா? பாசிப்பயற்றின் மூதாதை இனம் மேற்குத் தொடர்ச்சி மலையோரம் இன்றும் கொடியாகப் படர்ந்து கிடக்கிறது. விதை சிறியது, தோல் கல்போல. அப்படியே ஊன்றினால் பத்தில் ஒன்று இரண்டுதான் முளைக்கும். பிளேடால் விதைத் தழும்புக்கு எதிர்ப்புறம் தோலை மட்டும் சிறிதாகக் கீறிவிட்டு ஈரத் தாளில் வையுங்கள், இரண்டு மூன்று நாளில் முளை விடும். தழும்புப் பக்கம் கீறினால் கரு வெட்டுப்பட்டுவிடும். அறுவடையில் இன்னொரு தொல்லை: நெற்று காய்ந்ததும் முறுக்கிக்கொண்டு வெடித்து விதையைச் சிதறடிக்கும். பழுப்பு ஏறத் தொடங்கும்போதே பறித்துக் காகிதப் பையில் போட்டுக் காயவையுங்கள்.

வயல்

தொண்ணூறு வழிகளையும் மூன்று முறை திருப்பி விதைக்க விதை இருக்காது. அதற்குத்தான் 1956இல் ஃபெடரர் முன்வைத்த விரிவுத் தொகுதி முறை. 90 வழிகளை 6 தொகுதியாகப் பிரித்தால் தொகுதிக்கு 15. ஒவ்வொரு தொகுதியிலும் அதே 4 ஒப்பீட்டு ரகங்களை இடம் மாற்றி மாற்றி விதையுங்கள். தொகுதிக்கு 19 வரிசை, மொத்தம் 114. பிழைக்கான சுதந்திர எண் 5 பெருக்கல் 3 (தொகுதியிலும் ஒப்பீட்டு ரகத்திலும் ஒவ்வொன்று குறைத்து), அதாவது 15. இது 12க்குக் கீழே போனால் வேறுபாடு உண்மையா மண்ணா என்று சொல்ல முடியாது. ஒப்பீட்டு ரகத்தை இரண்டாகக் குறைத்தால் இந்த எண் 5க்கு விழுந்துவிடும்.

வரிசை 3 மீட்டர், வரிசைக்கு வரிசை 30 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 10. விதைத்த அன்றே வரைபடம் போட்டுவிடுங்கள். குச்சியில் மார்க்கர் பேனாவால் எழுதிய எண் ஒரு மழையில் அழிந்துவிடும். பென்சிலால் எழுதிய பிளாஸ்டிக் அட்டை அழியாது.

வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் நோயான மஞ்சள் தேமலை மதிப்பிடுவதாக இருந்தால், எளிதில் நோய் வரும் ரகம் ஒன்றைச் சுற்றிலும் இடையிடையிலும் விதைத்து வெள்ளை ஈயைப் பெருக விடுங்கள். பூச்சிமருந்து தெளித்த வயலில் "எதிர்ப்புத் திறன் உள்ளது" என்று எழுதப்பட்ட வழிகள் அடுத்த ஆண்டே மஞ்சளாகி நிற்கும். தென்னிந்தியாவில் இந்த நோயைத் தரும் வைரஸ் ஓர் இனம், வட இந்தியாவில் பெரும்பாலும் அதன் உறவான வேறோர் இனம். வடக்கே தாங்கிய வழி புதுக்கோட்டை மாவட்டத்து வம்பனிலும் தாங்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மறுதலையும் அப்படியே.

இலை எடுப்பது

விதைத்த இரண்டாம், மூன்றாம் வாரம், காலை நேரம், பாதி விரிந்த கொழுந்து முக்கூட்டிலை. இதுதான் சரியான இலை. முற்றிய இலையில் மாவுச்சத்தும் பாலிஃபீனாலும் ஏறிவிடும். டிஎன்ஏ எடுத்து முடிக்கையில் குழாயின் அடியில் பழுப்புப் பசை ஒன்று உட்கார்ந்திருக்கும், பிசிஆரில் எதுவும் ஓடாது. நாற்றைத் தொட்டியில் வளர்த்தால், இலை பறிப்பதற்கு முந்தின நாள் முழுக்க இருட்டில் வைத்தால் மாவுச்சத்து குறையும்.

செடிக்கு 100 மில்லிகிராம் போதும். திரவ நைட்ரஜன் இல்லாவிட்டால் கவலை இல்லை. தேநீர்ப் பை போன்ற காகிதப் பையில் இலையைப் போட்டு, அதன் எடையைப்போல் பத்து மடங்கு சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். ஒரு நாளில் இலை மொறுமொறுவென்று உடைய வேண்டும். நிறம் காட்டும் ஜெல் மணிகளில் நிறம் மாறியிருந்தால் உடனே மாற்றுங்கள். மெல்லக் காய்ந்த இலையில் டிஎன்ஏ துண்டு துண்டாகிவிடும். ஐஸ் பெட்டியில் வைத்து மூன்று நாள் பயணம் செய்வதைவிட சிலிக்கா ஜெல் எவ்வளவோ மேல்.

பையில் எழுதும் எண் அக்செஷன் எண் மட்டும் அல்ல. வழி எண், செடி எண், தேதி மூன்றும் வேண்டும். அந்தச் செடியைப் பிடுங்கிவிடாமல், கழுத்தில் அதே எண் கட்டி, விதைக்கு விடுங்கள்.

டிஎன்ஏ பிரிப்பது

1987இல் டாய்ல் தம்பதியர் எழுதிய சிடிஏபி (செல் சவ்வைக் கரைக்கும் சவர்க்காரம்) முறையின் ஏதோ ஒரு வடிவம்தான் இன்றும் பயறு ஆய்வகங்களில் ஓடுகிறது. 100 மி.லி. கரைசலுக்கு: சிடிஏபி 2 கிராம், 5 மோலார் சோடியம் குளோரைடு 28 மி.லி., 1 மோலார் டிரிஸ் 10 மி.லி. (பிஎச் 8), அரை மோலார் ஈடிடிஏ 4 மி.லி., பிவிபி 1 கிராம், மீதிக்குத் தூய நீர். பீட்டா மெர்காப்டோ எத்தனாலைப் பயன்படுத்தும் அன்று மட்டும், புகைபோக்கி அறைக்குள், 100 மி.லி.க்கு 0.2 மி.லி. சேருங்கள். முன்கூட்டியே சேர்த்து வைத்தால் வீரியம் போய்விடும், நாற்றம் மட்டும் மிஞ்சும்.

இலையைப் பொடியாக்கி, 65 டிகிரிக்குச் சூடாக்கிய கரைசல் 800 மைக்ரோலிட்டர் ஊற்றி, 45 நிமிடம் அதே சூட்டில் வையுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குழாயைத் தலைகீழாக மெல்லத் திருப்புங்கள். பிறகு, அறை வெப்பத்துக்கு வந்ததும், குளோரோஃபார்மும் ஐசோஅமைல் ஆல்கஹாலும் 24க்கு 1 கலந்த கலவையைச் சம அளவு ஊற்றி, ஐந்து நிமிடம் மெல்லப் புரட்டுங்கள். 12,000 சுற்றில் 10 நிமிடம். இந்தச் சுழற்சிக்கு இயந்திரத்தை 4 டிகிரிக்குக் குளிரவைத்தால் சிடிஏபி வெள்ளையாக உறைந்து நிற்கும். அறை வெப்பமே சரி.

இப்போது மூன்று அடுக்கு தெரியும். மேலே தெளிந்த நீர், நடுவில் வெள்ளைத் தோல், கீழே பச்சை. மேலடுக்கை எடுக்கும்போது கடைசிச் சொட்டுக்கு ஆசைப்பட்டால் நடுத்தோலும் முனைக்குள் ஏறிவிடும். ஆறில் ஒரு பங்கை விட்டுவிடுங்கள். மேலடுக்கு கலங்கலாக இருந்தால் குளோரோஃபார்ம் கழுவலை இன்னொரு முறை செய்யுங்கள். அடுத்து, குளிர்ந்த ஐசோபுரோப்பனால் மூன்றில் இரண்டு பங்கு சேர்த்துக் குழாயைப் புரட்டினால், பஞ்சு நூல்போல் வெள்ளையாகத் திரண்டு வரும். நூல்போல் வந்தால் டிஎன்ஏ முழுசாக இருக்கிறது என்று பொருள். கஞ்சி ஆடைபோல் கண்ணாடிப் பதத்தில் வந்தால் அது மாவுச்சத்து. அப்படி வரும் வழிகளுக்கு மட்டும் கரைசலில் உப்பை 2.5 மோலாருக்கு ஏற்றி மறுபடியும் எடுங்கள்.

70 சதவீத எத்தனாலில் இருமுறை கழுவி, எத்தனால் மணம் போகும்வரை உலரவிட்டு, 100 மைக்ரோலிட்டர் டிரிஸ்-ஈடிடிஏ கரைசலில் கரையுங்கள். மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் செறிவுள்ள ஆர்என்ஏஸ் (ஆர்என்ஏவைச் சிதைக்கும் நொதி) 1 மைக்ரோலிட்டர் சேர்த்து 37 டிகிரியில் அரை மணி நேரம். மிகவும் காயவிட்டால் டிஎன்ஏ கரையாமல் அடம்பிடிக்கும்.

தரம் பார்க்க நானோடிராப் (ஒளி உறிஞ்சலை வைத்து டிஎன்ஏ செறிவைச் சொல்லும் கருவி) எண்ணை மட்டும் நம்பாதீர்கள். ஆர்என்ஏ மிச்சம் இருந்தால் அது 500 என்று காட்டும், உண்மையில் 80 இருக்கும். அது காட்டும் 260, 280 நானோமீட்டர் ஒளி உறிஞ்சல் விகிதம் 1.8ஐ ஒட்டியும், 260க்கு 230 விகிதம் 1.8க்குக் குறையாமலும் இருக்கட்டும். பின்னது குறைந்தால் மாவுச்சத்தோ பாலிஃபீனாலோ உள்ளே இருக்கிறது. 0.8 சதவீத அகரோஸ் ஜெல்லில் ஓட்டி, மேலே ஒரே கோடாக நிற்கிறதா, கீழே புகைபோல் இழுத்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். வரிசைப்படுத்த அனுப்புவதாக இருந்தால் ஒளிர்சாயம் கொண்டு அளக்கும் கருவியில் மறுபடியும் அளந்து, எல்லாவற்றையும் ஒரே செறிவுக்குக் கொண்டுவாருங்கள்.

தட்டு நிரப்புவது

சிறிய விஷயம்தான், ஆனால் பல ஆய்வுகள் சறுக்கிய இடம் இது. 96 குழித் தட்டை 180 டிகிரி திருப்பி வைத்தாலும் பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். வெறும் நீர் வைக்கும் குழியை மூலையில் வைக்காதீர்கள், நடுவில் ஒரு பக்கம் தள்ளி வையுங்கள். இரண்டாவது தட்டு இருந்தால் அதில் வேறோர் இடம். முடிவு வரும்போது காலிக் குழி எதிர்ப்புறத்தில் தென்பட்டால் தட்டு திரும்பிவிட்டது என்று உடனே தெரியும். இந்த ஒரு காலிக் குழி இல்லாவிட்டால் 90 வழிகளின் பெயரும் மாறிப்போனது யாருக்கும் தெரியாமலே கட்டுரை அச்சாகிவிடும்.

எஸ்எஸ்ஆர் மார்க்கரா, ஜிபிஎஸ்ஸா?

கையில் பிசிஆர் இயந்திரமும் ஜெல் தொட்டியும் மட்டும் இருக்கிறதா? எஸ்எஸ்ஆர் (சில எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் டிஎன்ஏ துண்டு) மார்க்கர்களோடு தொடங்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. அசுகிப் பயற்றிலிருந்து உருவாக்கிய மார்க்கர்கள் பாசிப்பயற்றிலும் உளுந்திலும் பெரும்பாலும் ஓடும். மூன்றும் ஒரே விக்னா பேரினம். 11 குரோமோசோமிலும் குறைந்தது இரண்டாவது இருக்குமாறு 25, 30 மார்க்கர்களைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு மூன்று பேஸ் வேறுபாட்டை 3 சதவீத அகரோஸ் பிரித்துக் காட்டாது. 6 சதவீத பாலிஅக்ரிலமைடு ஜெல்லோ கேப்பிலரி இயந்திரமோ வேண்டும். ஒரு கோட்டுக்குக் கீழே மங்கலாக இன்னொரு நிழல்கோடு வரும். அது பிசிஆரின் வழுக்கல், தனி அல்லீல் (ஒரே இடத்தின் மாற்று வடிவம்) அல்ல. அதையும் சேர்த்து எண்ணிவிட்டு "கலப்பு நிலை அதிகம்" என்று எழுதுவது வழக்கமான தவறு. கலப்பு நிலை என்பது ஒரு செடியில் ஓரிடத்தின் இரு அல்லீலும் வேறு வேறாக இருப்பது.

அல்லீலை அதன் பேஸ் நீளமாகப் பதிவு செய்யுங்கள். கோடு இருந்தால் 1, இல்லாவிட்டால் 0 என்று பதியும் பழைய வழக்கத்தில், எஸ்எஸ்ஆர் இரு அல்லீலையும் காட்டும் மார்க்கர் என்ற பயனே போய்விடும்.

கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். ஒரு மார்க்கரில் மூன்று அல்லீல், விகிதம் 0.5, 0.3, 0.2. வர்க்கங்களின் கூட்டல் 0.38. ஒன்றிலிருந்து கழித்தால் 0.62. இது எதிர்பார்க்கும் கலப்பு நிலை, இதையே மரபு வேறுபாட்டு அளவு என்றும் சொல்வார்கள். பிஐசி (மார்க்கர் எவ்வளவு தகவல் தரும் என்ற அளவு) வேண்டுமென்றால் இதிலிருந்து, ஒவ்வொரு இணையின் வர்க்கப் பெருக்கலையும் கூட்டி இரட்டித்ததைக் கழிக்க வேண்டும்: 0.0225, 0.01, 0.0036, கூட்டி இரட்டித்தால் 0.0722. மீதி 0.55. இதைக் கையால் போட்டுப் பார்த்தவருக்கு மென்பொருள் தரும் பட்டியல் புரியும். எஸ்என்பி (டிஎன்ஏவில் ஒரே ஓர் எழுத்து மாறும் இடம்) மார்க்கருக்கு இரண்டே அல்லீல் என்பதால் பிஐசி 0.375க்கு மேல் ஏறவே முடியாது. "எங்கள் எஸ்என்பிகளின் பிஐசி 0.3தான், மார்க்கர் சரியில்லை" என்று புலம்ப வேண்டாம்.

ஜிபிஎஸ் என்பது வெட்டு நொதியால் ஜீனோமைத் துண்டாக்கி, வெட்டிய ஓரங்களை மட்டும் படிக்கும் முறை. 2011இல் வெளியான முறையில் ஏபெக்கேஒன் நொதி. ஆயிரக்கணக்கான எஸ்என்பிகள் கிடைக்கும், ஆனால் ஓட்டை (தரவு கிடைக்காத இடம்) நிறைய இருக்கும். முழு ஜீனோமையும் 10 மடங்கு ஆழத்தில் (ஒவ்வோர் இடத்தையும் சராசரியாகப் பத்து முறை) படிக்க ஒரு வழிக்கு 5.8 ஜிகாபேஸ், தொண்ணூறுக்கு 520க்கு மேல். பணம் ஒருபுறம் இருக்கட்டும், அதைச் சேமித்து வைக்க இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

வந்த தரவை வடிகட்டுவது

வரிசை இதுதான்: ஃபாஸ்ட்கியூசியில் தரம் பார்ப்பது, பிடபிள்யூஏவில் ஆதார ஜீனோமோடு ஒட்டுவது, ஜிஏடிகே அல்லது டாசெலில் எஸ்என்பி பிரிப்பது, பிளிங்கில் வடிகட்டுவது. ஆதார ஜீனோமின் எந்தப் பதிப்பு என்பதை ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் எழுதுங்கள். 2014 பதிப்பில் தேறியது சுமார் 431 மெகாபேஸ்தான், பிறகு நீண்ட வாசிப்புகளால் திருத்திய பதிப்பு வந்தது. இரண்டிலும் ஒரே எஸ்என்பியின் முகவரி வேறு. பழைய பதிப்பின் முகவரியைப் புதிய பதிப்பில் தேடிப் பக்கத்திலுள்ள ஜீனைக் "கண்டுபிடித்தவர்கள்" உண்டு.

தொடக்கத்துக்கு இந்த வரம்புகள்: ஓட்டை 20 சதவீதத்துக்கு மேல் உள்ள எஸ்என்பி வெளியே, அரிய அல்லீல் 5 சதவீதத்துக்குக் கீழ் என்றால் வெளியே, கலப்பு நிலை 10 சதவீதத்துக்கு மேல் என்றால் வெளியே. கடைசி வரம்பு பாசிப்பயறு போன்ற தன் சேர்க்கைப் பயிருக்கு மட்டும். தன் சேர்க்கையில் கலப்பு நிலை தலைமுறைக்குப் பாதியாகக் குறையும். எஃப்2இல் (கலப்பின் இரண்டாம் தலைமுறை) 50 சதவீதம், எஃப்6இல் 3 சதவீதத்துக்குச் சற்று மேல். ஓர் எஸ்என்பி எல்லா வழியிலும் கலப்பாகத் தெரிந்தால் அது எஸ்என்பியே அல்ல, ஒன்றுபோன்ற இரண்டு ஜீன்கள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டியிருக்கின்றன. நான்கு தொகுதிக் குரோமோசோம் கொண்ட நிலக்கடலையில் இந்தப் பொய்க் கலப்புதான் பெரும் தலைவலி. மாறாக ஒரே ஒரு வழி மட்டும் எல்லா எஸ்என்பியிலும் கலப்பாக நின்றால் குற்றவாளி மார்க்கர் அல்ல, விதை. அது கலப்புச் செடி, அல்லது இரண்டு இலை ஒரே குழாயில்.

துவரையில் கலப்பு நிலை உண்மையாகவே இருக்கும். அங்கே வாசிப்பு ஆழம் முக்கியம். ஓரிடத்தை மூன்றே முறை படித்திருந்தால், உண்மையான கலப்பைத் தூய நிலை என்று தவறாகச் சொல்லும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ஐந்து முறை படித்தால் பதினாறில் ஒன்று.

வடிகட்டியதும் வேறெதையும் பார்க்குமுன் அந்த ஐந்து குழிகளைப் பாருங்கள். ஒரே டிஎன்ஏவின் இரு பிரதிகள் 99 சதவீதமாவது ஒத்துப்போக வேண்டும். ஒரே வழியின் இரண்டு செடிகள் அதற்குச் சற்றுக் குறையலாம். 80க்கு வந்தால் பையிலேயே கலவை, அல்லது பெயர் மாறிவிட்டது. எதிர்பாராத இரண்டு வழிகள் 99 என்று ஒட்டி நின்றால் ஒன்று இரட்டைப் பதிவு, இல்லையென்றால் குழாய் குழப்பம். அவற்றின் விதை நிறத்தையும் தண்டு நிறத்தையும் குறிப்பேட்டில் தேடுங்கள். ஒன்று ஊதா, ஒன்று பச்சை என்றால் குழாய்தான்.

கூட்டங்களைப் பிரிப்பது

அருகருகே உள்ள எஸ்என்பிகள் ஒன்றாகவே நகரும் என்பதால் முதலில் மெலிதாக்குங்கள். 50 எஸ்என்பி சன்னல், 5 எஸ்என்பி நகர்வு, ஆர் வர்க்கம் (இரு எஸ்என்பிகள் சேர்ந்து நகரும் அளவு) 0.2 என்பது வழக்கமான தொடக்கம். பிறகு முதன்மைக் கூறு வரைபடம் (ஒத்த வழிகள் அருகருகே புள்ளியாக விழும் படம்). பத்து நிமிடத்தில் வந்துவிடும், பெரும்பாலான கதையையும் சொல்லிவிடும். காட்டினங்கள் ஒரு மூலையில் தனியே நிற்கும். மீதி எல்லாம் ஒரு கொத்தாக நெருக்கிக்கொண்டு நின்றால், காட்டினத்தை நீக்கிவிட்டு மறுபடியும் ஓட்டுங்கள். பயிரின் உள்வேறுபாடு அப்போதுதான் விரியும்.

வழிகளைக் கூட்டங்களாகப் பிரிக்கும் அட்மிக்ஸ்சர் மென்பொருளில் கூட்ட எண்ணிக்கையை 1 முதல் 10 வரை, ஒவ்வொன்றையும் பத்து முறை வேறு வேறு தொடக்க எண்ணோடு ஓட்டுங்கள். அதே வேலையைச் செய்யும் ஸ்ட்ரக்சர் மென்பொருளுக்கு, எத்தனை கூட்டம் என்று தீர்மானிக்க எவானோ குழு 2005இல் தந்த டெல்டா கே அளவு அடிக்கடி இரண்டைச் சுட்டும். ஒரே கூட்டம்தானா என்பதை அந்த அளவால் சோதிக்கவே முடியாது, மேலிருக்கும் பெரிய பிளவைத்தான் பிடிக்கும். இரண்டு என்று வந்ததும் நிறுத்திவிடாமல் மூன்று, நான்கு கூட்டங்களுக்கு மென்பொருள் வரையும் வண்ணப் பட்டைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்த மென்பொருள்கள் மக்கள்தொகை தன்னிச்சையாகக் கலக்கிறது என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடுகின்றன. பாசிப்பயறு அப்படிக் கலப்பதில்லை. எனவே அந்த வண்ணப் பட்டைகளை ஒரு குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்வதே எங்கள் வழக்கம்.

கூட்டம் மாநில எல்லையோடு ஒத்துப்போகவில்லை என்றால் அதிர்ச்சி வேண்டாம். பயறு சந்தை வழியாக ஊர் விட்டு ஊர் போகும் சரக்கு. சேகரித்த ஊர் அதன் பிறந்த ஊராக இருக்க வேண்டியதில்லை.

தொண்ணூறு வழிகளை வைத்து மகசூலுக்கு ஜீன் தேடும் தொடர்பாய்வில் இறங்காதீர்கள். ஒன்றிரண்டு பெரிய ஜீன்கள் ஆளும் பண்பு, தண்டு நிறம் போன்றவை, அந்த எண்ணிக்கையிலும் பிடிபடும். முறை சரியாக ஓடுகிறதா என்று பார்க்க அதையே சோதனைப் பண்பாக வைத்துக்கொள்ளலாம். பலநூறு சிறு ஜீன்கள் சேர்ந்து நிர்ணயிக்கும் மகசூல் பிடிபடாது, பிடிபட்டதுபோல் தோன்றுவதும் அடுத்த வயலில் மறைந்துவிடும்.

விதையைக் காப்பது

இலை எடுத்த அதே செடியின் விதைதான் இனி உங்கள் சொத்து. ஜீனோம் தரவு அந்த விதைக்கு மட்டும்தான் பொருந்தும். வங்கியில் அதே எண்ணில் மறுபடியும் வாங்கும் பைக்குப் பொருந்த வேண்டிய கட்டாயமில்லை.

அதற்கு எதிரி பயறு வண்டு. அது கிடங்கில் வருவதாக நினைக்கிறோம், வயலிலேயே நெற்றின்மேல் முட்டையிட்டு வீட்டுக்குள் வருகிறது. விதையைக் கையில் எடுத்துப் பாருங்கள்: தோலில் குண்டூசி முனையளவு வெள்ளைப் புள்ளி ஒட்டியிருந்தால் அது முட்டை. மூன்று நான்கு வாரத்தில் வட்டமாகத் துளை போட்டுக்கொண்டு வண்டு வெளியே வரும், ஒரு பையில் தொடங்கி அலமாரி முழுக்கப் பரவும். மடகாஸ்கரிலிருந்து வந்த டிசி1966 என்ற காட்டுப் பாசிப்பயறு இந்த வண்டை எதிர்க்கும், உங்கள் தொகுப்பில் மற்ற பெரும்பாலானவை எதிர்க்காது. அறுவடை ஆனதும் விதையைப் பல்லில் கடித்தால் நொறுங்கும் பதத்துக்கு நிழலில் உலர்த்தி, அலுமினியத் தாள் பையில் காற்றுப் புகாமல் மூடி, உறைபெட்டியில் மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம் வையுங்கள். முட்டையும் புழுவும் செத்துவிடும். ஈர விதையை அப்படி வைத்தால் விதையும் சேர்ந்து சாகும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள், ஓர் இரவு மேசைமேல் கிடக்கட்டும். குளிர்ந்த விதையின்மேல் காற்றின் ஈரம் படிந்தால் அத்தனை உலர்த்தலும் வீண். பைக்கு வெளியே ஓர் எண், உள்ளே பென்சிலால் எழுதிய சீட்டில் அதே எண்.